ஒரே மாதிரி நோட்ஸ் எழுதி ஏமாந்தேன்

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு வரைக்கும் எல்லாப் பாடத்துக்கும் ஒரே மாதிரிதான் குறிப்பு எழுதினேன். புத்தகத்தில் இருப்பதை அழகான கையெழுத்தில் அப்படியே இறக்குவது. நோட்டு பளபளவென்று இருந்தது, மதிப்பெண்தான் வரவில்லை.

முதலில் வரலாற்றை மாற்றினேன். பக்கத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்தேன்: ஏன், என்ன, அப்புறம் என்ன. 1806 வேலூர்ப் புரட்சி என்றால், 'ஏன்' கட்டத்தில் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை, சமயக் குறிக்குத் தடை, தாடியை மழிக்கச் சொன்னது. அடுத்ததில் ஜூலை 10 அதிகாலை, கோட்டையில் ஏறிய திப்புவின் கொடி. கடைசியில் சென்னை ஆளுநர் பெண்டிங்க் திரும்ப அழைக்கப்பட்டது, திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. பெரிய வினாவுக்கு இதுவே பாதி விடை.

கணக்குக்குக் குறிப்பே கிடையாது, ஒரு 'தப்பு நோட்டு' மட்டும். தவறிய கணக்கு, பக்கத்தில் எங்கே சறுக்கினேன் என்று சிவப்பு மையில் ஒரு வரி. புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் கழித்தல் குறி!

அறிவியலில் இதயப் படத்தைப் புத்தகத்தை மூடிவிட்டு வரைந்தேன். விட்டுப்போன பாகங்களை மட்டும் வேறு நிறத்தில் சேர்த்தேன். இடது வெண்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) சுவர் ஏன் தடிமன்? உடம்பு முழுக்க ரத்தம் தள்ள வேண்டுமே என்று ஓரத்தில் கிறுக்கியது இன்னும் மறக்கவில்லை.

தமிழ்ச் செய்யுளுக்குத்தான் எந்த உத்தியும் கைகொடுக்கவில்லை. மொட்டைமாடியில் சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறியது.