சில்லறையைப் பிரித்து வைப்பது எப்படி

வீட்டில் சில்லறை போட்டு வைக்கப் பெரும்பாலும் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைத்தான் எடுக்கிறோம். முதல் தவறு அதுதான். ஒரு லிட்டர் ஜாடி நிறைய நாணயம் போட்டால் சுமார் 5 கிலோ வரும். மூன்று லிட்டர் ஜாடி என்றால் 15 கிலோ. கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் கையில் கழுத்து மட்டும் மிஞ்சலாம். மதிப்புக்கு ஒன்றாக, அரை லிட்டருக்கு மேற்போகாத பிளாஸ்டிக் டப்பாக்கள் போதும். கை நுழைகிற அளவுக்கு வாய் அகன்றிருக்கட்டும். கை நுழையாவிட்டால் அது உண்டியல். போட்ட காசு அன்றாடச் செலவுக்கு வெளியே வராது.

பிரிக்க உட்காரும்போது மேசைமேல் பழைய துண்டு ஒன்றை விரியுங்கள். காசு உருளாது, சத்தமும் குறையும். முதலில் காசல்லாததைப் பொறுக்க வேண்டும்: ஊக்கு, திருகாணி, சட்டைப் பொத்தான். முக்கியமாக பட்டன் பேட்டரி. பார்வைக்குக் காசு மாதிரியே இருக்கும். மற்ற காசுகள் அதன் இரு முனைகளையும் தொட்டால் ஷார்ட் ஆகிச் சூடேறும், கசியும். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம். சில்லறை டப்பாவும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

பிறகு மதிப்பு அதிகமான காசை முதலில் பொறுக்குங்கள். பாதியில் எழுந்து போனாலும் பணத்தின் பெரும்பகுதி பிரிந்திருக்கும். அளவில் ஒன்றுபோல இருந்து குழப்பும் இரண்டு வகைகளை விளிம்பை வைத்துப் பிரிக்கலாம்: ஒன்று வரிவரியாக இருக்கும், இன்னொன்று வழவழப்பாக இருக்கும். நகத்தால் ஒருமுறை வருடினால் தெரிந்துவிடும்.

நூற்றுக்கணக்கில் சேர்கிற வீட்டுக்குச் சல்லடை உதவும். ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் டப்பாக்களின் அடியில் துளையிடுங்கள். துளை, கீழே விழ வேண்டிய காசைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். பெரிய துளை மேல் தட்டில். துளையின் பிசிறை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் காசு அங்கேயே தொற்றிக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் கொட்டாதீர்கள். காசுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து துளையை மூடிவிடும். விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லாத இரண்டு வகை இருந்தால் சல்லடை வீண். அவற்றைக் கையால்தான் பிரிக்க வேண்டும்.

எண்ணுவதற்குச் சமையல் தராசு போதும். ஆனால் ஒரே ஒரு காசை நிறுத்துக் கணக்குப் போடாதீர்கள். 4.85 கிராம் காசைத் தராசு 5 என்று காட்டும். அதை நம்பி 200 காசை நிறுத்தால் 970 கிராம் வரும். 5 ஆல் வகுத்தால் 194 தான், ஆறு காசு காணாமல் போயிருக்கும். 50 காசைக் கையால் எண்ணி, மொத்தமாக நிறுத்து, அந்த எடையிலிருந்து கணக்கிடுங்கள். டப்பாவின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம். ஒரே மதிப்புள்ள காசு வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு உலோகத்தில் வந்திருந்தால் இந்தக் கணக்கு தவறும். முன்கூட்டியே காந்தத்தை ஓட்டிப் பாருங்கள்: எஃகுக் காசு ஒட்டினால், ஒட்டாததைத் தனியாக நிறுக்கலாம்.

எண்ணியதை ஐம்பது ஐம்பதாகத் தாளில் சுருட்டி, மேலே மதிப்பையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். மென்மையான பிவிசி உறைகளில் நெடுநாள் வைத்தால் செம்பு கலந்த காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். குளியலறை, சமையலறைத் தொட்டி பக்கம் வேண்டாம். எஃகுக் காசின் மேற்பூச்சு சிராய்ந்த இடத்தில் ஈரம் பட்டால் துரு பிடிக்கும்.

அழுக்கேறிய காசுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே டப்பாவில் போடுங்கள். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்தால் மேற்பரப்பு அரிக்கும். பழங்காசு என்று சந்தேகம் வந்தால் கழுவவே கழுவாதீர்கள். தேய்த்துப் பளபளக்க வைத்த காசுக்குச் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள்.