குழி தோண்டும் முன்: குப்பையின் கார்பன் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சேலம் கன்னங்குறிச்சியில் இரண்டு பேர், கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள், "அக்கா, ஒரு தடவை வந்து பாருங்கக்கா" என்று கூப்பிட்டார்கள். போனேன். மாமரங்களுக்கு நடுவே எட்டடி ஆழத்தில் ஒரு குழி. கல்யாண மண்டபத்திலிருந்து வந்த வாழை இலை, மிச்சச் சோறு, காய்கறித் தோல் எல்லாம் உள்ளே, மேலே ஒரு சாண் மண், அதற்கும் மேலே நீலத் தார்ப்பாய். "இதுவரைக்கும் இருபது டன்க்கா, அவ்வளவும் குப்பைமேட்டுக்குப் போகாம தடுத்திருக்கோம்" என்றான் ஒருவன், முகமெல்லாம் சந்தோஷத்தோடு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2015-இல் இதே குழியை நான் தோண்டியிருக்கிறேன், இதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பிரித்துக் கொடுங்கள், துணிப்பை கொண்டு போங்கள் என்பதையெல்லாம் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர்களே தினமும் சொல்கிறார்கள், அதற்கு நான் தேவையில்லை. குப்பையைக் கையாள்வதால் பூமியைச் சூடேற்றும் வாயு எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்ப்பதுதான் கார்பன் கணக்கு. அதில் அக்கறையோடு இறங்கி, உழைத்து, அப்புறமும் தப்பாகப் போகிற இடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எடையை மட்டும் எழுதி வைப்பது

"இந்த மாதம் 800 கிலோ மறுசுழற்சி" என்று ஒரே எண்ணாக எழுதுவார்கள். என்ன 800 கிலோ? கண்ணாடி பாட்டிலா, அட்டைப் பெட்டியா, அலுமினியமா? கார்பனைப் பொறுத்தவரை ஒரு கிலோவும் இன்னொரு கிலோவும் ஒன்றல்ல.

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் மால்கோ அலுமினிய ஆலை ஓடிய காலத்தில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது எங்கிருந்து போனது? ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும்தான். ஒரு டன் அலுமினியத்துக்கு நாலைந்து டன் பாக்சைட் வேண்டும், மலையைக் கீறித்தான் எடுக்க வேண்டும். அதன் பிறகு உலோகத்தைப் பிரிக்க ஏறக்குறைய 14,000 யூனிட் மின்சாரம். நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொள்ளுங்கள், மின்சாரத்திலேயே 14 டன் ஆகிவிடுகிறது. பழைய பாத்திரத்தையும் கேனையும் உருக்கினால் அந்த எரிசக்தியில் சுமார் 95 விழுக்காடு மிச்சம். பழைய இரும்பு ஒரு டன்னுக்குச் சுமார் ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம். கண்ணாடியில் கிடைப்பது இதைவிட மிகவும் குறைவு. பழைய இரும்புக் கடையில் அலுமினியத்துக்கும் கண்ணாடிக்கும் தரும் விலையைப் பாருங்கள், கடைக்காரர் இதை எப்போதோ புரிந்து வைத்திருக்கிறார். பொருள்வாரியாக எழுதுங்கள்.

"கழிவுத் துறை வெறும் இரண்டரை விழுக்காடுதானே"

நன்கு படித்தவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். 2024 டிசம்பரில் இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கையில், 2020-ஆம் ஆண்டில் நாடு வெளிவிட்ட பசுமைக்குடில் வாயுக்களில் (உமிழ்வில்) எரிசக்தி சுமார் 76 விழுக்காடு, கழிவு சுமார் 2.6 விழுக்காடு. எண் சரிதான், படிக்கிற விதம்தான் தப்பு. கழிவு என்ற தலைப்பின் கீழ் வருவது குப்பைமேட்டிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் நேரடியாகக் கிளம்பும் வாயு மட்டுமே. நாம் தூக்கி எறிகிற பொருளைச் செய்யும்போது எரிந்த நிலக்கரி எரிசக்திக் கணக்கிலும், உலை விட்ட வாயு தொழில் துறைக் கணக்கிலும், கொட்டிய சோற்றுக்கான நெல் வயல் விட்ட மீத்தேன் விவசாயக் கணக்கிலும் உட்கார்ந்திருக்கின்றன. ஆக, பழைய இரும்பை உருக்கினால் இறங்குவது கழிவுத் துறையின் எண் அல்ல, மற்ற துறைகளின் எண்கள். மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வருவதாக இருந்தால் இறங்குவது அந்த நாட்டின் கணக்கு. உணவு வீணாவதையே எடுத்துக்கொள்ளுங்கள், விளைவித்ததிலிருந்து கொட்டியது வரை சேர்த்தால் உலக உமிழ்வில் 8 முதல் 10 விழுக்காடு என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். குப்பையைக் குறைப்பதற்கு மறுசுழற்சியைவிட ஒரு படி மேலே இடம் கொடுப்பது இதனால்தான்.

ஈரக் குப்பையைப் புதைத்துவிட்டு உரம் என்று சொல்வது

இதற்கு வருகிறேன். பத்து வருடம் ஆகியும் எனக்கு ஆறாத தவறு இதுதான்.

ஏற்காடு அடிவாரத்துக்குப் பக்கத்தில் உறவினர் ஒருவரின் அரை ஏக்கர் கிடைத்தது. மாம்பழ சீசன். சின்னக்கடை வீதியில் கழித்துப் போட்ட பழம், இரண்டு மண்டபங்களின் எச்சில் இலை எல்லாவற்றையும் வண்டி வைத்துக் கொண்டுவந்தேன். ஜேசிபி வைத்து இரண்டு குழி, மொத்தம் முப்பது டன், மண் போட்டு மூடித் தார்ப்பாய் விரித்தாயிற்று. மண்டபக்காரர்களுக்கு "உங்களால் இவ்வளவு கார்பன் மிச்சம்" என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்துத் திறந்தோம். மேலே ஒரு சாண் மட்டும் பொலபொலவென்று இருந்தது. அதற்குக் கீழே கறுப்பாக, வழவழவென்று ஒரு கூழ், மாங்கொட்டை போட்டது போட்டபடி, வாழை இலையில் நரம்புகூடக் கலையவில்லை. அழுகிய முட்டை நாற்றம். ஜேசிபி ஓட்டிய தம்பி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ரோட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். பக்கத்துக் காட்டுக்காரர் கிணற்றில் தண்ணீர் வாடை அடிப்பதாகச் சொல்லி வந்தார். அவர் பயந்தது நியாயம். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ய, குழியைக் காலி செய்ய என்று அந்த வருடம் சேர்த்த பணம் அத்தனையும் போயிற்று. அதைவிட, மண்டபங்களுக்குப் போய் அந்தத் தாள் தப்பு என்று சொல்லித் திருப்பி வாங்கியதுதான் இன்றும் உறுத்துகிறது.

என்ன நடந்தது என்றால், காற்று போகிற இடத்தில் குப்பை மக்கும், காற்று போகாத இடத்தில் புளித்து மீத்தேன் விடும். மக்கும் இலையிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு, போன வருடம் அந்த மரம் காற்றிலிருந்து எடுத்ததுதான், எனவே சர்வதேச வழிகாட்டுதலில் அது கழிவுக் கணக்கில் சேராது. மீத்தேன் சேரும். நூறு வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும், இருபது வருடக் கணக்கில் 80 மடங்கு. அந்த அழுகிய முட்டை நாற்றம் மீத்தேனுடையது அல்ல, மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. ஆனால் அந்த நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம்.

ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டியில் உள்ள பொது எண்களைப் பெருக்கிப் பாருங்கள். ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமான குப்பைமேட்டில் ஒரு டன் உணவுக் கழிவு போகப் போகச் சுமார் 40 கிலோ மீத்தேன் விடும். எட்டடிக் குழியில் 20 கிலோ. கிளறி விடும் உரக் குவியலில் 4 கிலோ. என் முப்பது டன்னையும் அப்படியே விட்டிருந்தால் 600 கிலோ மீத்தேன், அதாவது 17 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், ஆறாயிரம் லிட்டர் டீசலை எரித்ததற்கு ஒப்பு. குப்பைமேட்டுக்குப் போகவில்லை என்று நான் பெருமைப்பட்டேன், ஆனால் ஒரு சின்னக் குப்பைமேட்டையே சொந்தமாக உண்டாக்கியிருந்தேன்.

சரி, எப்படிச் செய்வது? தோண்டவே வேண்டாம். தரைக்கு மேலே, நெஞ்சு உயரத்துக்குள் குவியுங்கள். ஈரக் குப்பை ஒரு கூடை என்றால் காய்ந்தது இரண்டு கூடை: சருகு, மரத்தூள், தேங்காய் நார்க்கழிவு, மலையிலிருந்து வாங்க முடிந்தால் காபிக் கொட்டையின் காய்ந்த தோல். வாரம் ஒருமுறை புரட்டுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகினால் காய்ந்ததைச் சேருங்கள். அப்புறம் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவரை செருகி, பத்து நிமிடம் விட்டு உருவித் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. சில்லென்று ஈரமாக வந்தால் அன்றே புரட்டுங்கள்.

கன்னங்குறிச்சிப் பிள்ளைகள் இரண்டு நாள் ஆள் வைத்து எல்லாவற்றையும் வெளியே அள்ளி, மரத்தூளும் மாஞ்சருகும் கலந்து நாலு குவியலாகப் போட்டார்கள். ஐந்தாம் நாள் காலையில் கம்பியை உருவிய பையன் சட்டென்று கீழே போட்டுவிட்டான். அவ்வளவு சூடு.

பயோகேஸ் போட்டுவிட்டால் கவலையில்லை என்று நினைப்பது

நம் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் பலவற்றில் கழிவுநீரிலிருந்து வாயு எடுக்கிறார்கள், நல்ல வேலை. ஆனால் பயோகேஸ் என்பதே பெரும்பாலும் மீத்தேன்தான். குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். மிஞ்சிய வாயுவைத் திறந்து விடாமல் எரித்துவிடுங்கள்.

பிளாஸ்டிக்கை எரிப்பது

வேண்டாம். ஒரு கிலோ பாலித்தீன் பை எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. புகை தனி.

ஒரே கிலோவை மூன்று பேர் எழுதுவது

அடுக்ககம் ஒரு முறை, பழைய இரும்புக் கடை ஒரு முறை, உருக்கும் ஆலை ஒரு முறை. யார் எழுதுவது என்று முதலிலேயே பேசி முடியுங்கள்.

சேகரித்ததை மறுசுழற்சி என்று எழுதுவது

ஆலைக்குள் போன எடையைக் கேட்டு வாங்குங்கள்.

மழை

அக்டோபருக்குள் குவியலுக்குக் கூரை போட்டுவிடுங்கள். பக்கங்கள் நாலும் திறந்தே இருக்கட்டும்.