கார் போய்விட்டது, பெயர் போகவில்லை: பழைய வண்டியைத் தள்ளிவிடும்போது செய்யும் தவறுகள்

பினாங்கில் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் பழைய காரைத் தள்ளிவிடும் விதம் பெரும்பாலும் இதுதான். 'பழைய கார் வாங்கப்படும்' என்று யாரோ வைப்பரில் செருகிவிட்டுப் போன சீட்டைப் பார்த்து போன் போடுவார்கள். இழுவை லோரிக்காரர் வந்து, பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்து, விலையைக் குறைத்து, சில நூறு வெள்ளியை (ரிங்கிட்) கையில் வைப்பார். கிராண்டையும் (காரின் பதிவுப் பத்திரம்) ஐசி (அடையாள அட்டை) நகலையும் வாங்கிக்கொண்டு காரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பார்க்கிங் காலியானதில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவில் மட்டும் கார் இன்னும் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

இன்சூரன்ஸ், சாலை வரி புதுப்பிக்கும் வேலையில் இருப்பதால் இதன் பின்விளைவுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஒருவர், தன் புரோட்டோன் வீராவை இப்படிக் கொடுத்துப் பல வருஷம் கழித்து, வேகமாக ஓட்டியதாக ஜொகூரிலிருந்து வந்த சம்மனோடு வந்தார். மனிதர் ஈப்போவைத் தாண்டி கார் ஓட்டியதே இல்லை. அவருடைய நம்பர் பிளேட் வேறு ஏதோ வண்டியில் ஏறி ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. லோரிக்காரரிடம் கேட்கலாம் என்றால், கையில் இருந்தது ஒரு போன் நம்பர். அதுவும் சேவையில் இல்லை. போலீஸ் ரிப்போர்ட்டில் எழுத அவரிடம் கார் போன தேதிகூட இல்லை.

ஆகவே விலையைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைக் கேளுங்கள்: பதிவை ரத்து செய்வது யார்? ஜேபிஜேயும் சுற்றுச்சூழல் துறையும் அங்கீகரித்த வாகன அழிப்பு நிலையங்கள் இருக்கின்றன, ஏஏடிஎஃப் என்பார்கள். அங்கே கொடுத்தால் காரை அழிப்பதோடு பதிவு ரத்துக்கான வேலையையும் பார்ப்பார்கள். அதற்கான தாளை வாங்கி வையுங்கள். பிறகு மைஜேபிஜே செயலியைத் திறந்து, அந்தக் கார் உங்கள் பெயரில் இன்னும் தெரிகிறதா என்றும் பாருங்கள். பழைய இரும்புத் தொழிலில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பலர் நாணயமானவர்கள். ஆனால் எவ்வளவு நாணயமான கடையாக இருந்தாலும், காரை அங்கே நிறுத்திவிட்டு வந்ததால் மட்டும் பதிவு ரத்தாகிவிடாது.

ரத்து செய்யப் போகும்போது வழிமறிப்பவை இரண்டு. ஒன்று, கட்டாத சம்மன். இன்னொன்று பேங்க். 'கடன் முடிந்து பத்து வருஷம் ஆச்சே' என்பார்கள். கடன் முடிந்திருக்கும், காரின் மீது பேங்க் பதிந்த உரிமைக் கோரிக்கை நீக்கப்படாமல் அப்படியே கிடக்கும். லோரியைக் கூப்பிடும் முன் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

ரொம்பச் சிக்கலானது இறந்துபோன அப்பாவின் பெயரில் நிற்கும் கார். மகன் கையெழுத்துப் போட்டு அதை ஒப்படைக்க முடியாது. அப்பாவின் கையெழுத்தையே போட்டுவிடுபவர்களும் உண்டு. அது போலிக் கையெழுத்து, குற்றம். வீடு, நிலம் இல்லாமல் அசையும் சொத்து மட்டும், அதுவும் 6 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் இறந்தவர்களின் சொத்தை நிர்வகிக்கும் அரசு நிறுவனமான அமானா ராயா வழியாக முடிக்கலாம். வீடோ நிலமோ இருந்தால் நில அலுவலகம் அல்லது உயர் நீதிமன்றம். வீட்டையும் பேங்க் கணக்கையும் சொத்துப் பட்டியலில் எழுதும் குடும்பங்கள் காரை விட்டுவிடுகின்றன, 'அது என்ன பெரிய மதிப்பு' என்று. பிறகு அந்த ஒரு காருக்காக மறுபடியும் அலைய வேண்டும்.

இதற்குப் பயந்து காரை அப்படியே போட்டுவைப்பதும் தவறுதான். டயர் இறங்கி நிற்கும் காரின் பின்பக்க டிக்கியைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். ஓர ரப்பர் இற்றுப்போயிருந்தால் ஸ்பேர் டயர் குழியில் மழைநீர் தேங்கி, புழுக்கள் நெளியும். ஏடிஸ் கொசு வளர இடம் கொடுப்பது, நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாலையில் கைவிட்ட காருக்கு மாநகர் மன்றம் நோட்டீஸ் ஒட்டி, இழுத்துக்கொண்டும் போகும்.

நாமே பிரித்து விற்றால் நாலு காசு கூட வரும் என்று தெரிந்த ஃபோமனை (மெக்கானிக்) வைத்துக் கழற்றுவார்கள். அதில் கறுப்பு எண்ணெய் சாக்கடைக்குப் போகும், ஏர்கான் வாயு காற்றுக்குப் போகும். கழிவு எண்ணெயும் ஈய பேட்டரியும் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் அட்டவணைக் கழிவுகள், அதாவது பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவுகள். கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. சாலையோரச் சாக்கடை கடைசியில் ஆற்றில்தான் முடிகிறது. சுங்கை பினாங்கு ஆற்றின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மட்டும் அறுத்து விற்றுவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம் இருப்பது வாங்குபவருக்கும் தெரியும். அதற்கேற்ப விலையைக் குறைப்பார்.

சின்ன விஷயங்கள் சில. கார் நம்பர் ராசியானது, புதுக் காருக்கு வேண்டும் என்றால் பதிவு ரத்தாகும் முன்பே ஜேபிஜேயில் கேளுங்கள். இழப்பீடு கேட்காமல் இருந்தால் 55 விழுக்காடு வரை ஏறும் இன்சூரன்ஸ் தள்ளுபடி, அதாவது என்சிடி, காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. அடுத்த காருக்கு மாற்றலாம். டோல் கட்ட ஒட்டிய ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கரை டச் அண்ட் கோ மின்பணக் கணக்கிலிருந்து நீக்குங்கள். டாஷ்கேம் மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியில் தொங்கும் முருகனையும்தான், பலர் மறந்துவிடுகிறார்கள்.

2026 பட்ஜெட்டில், 20 வருஷத்துக்கு மேலான வண்டியைக் கைவிட்டு புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்குகிறவர்களுக்கு 4,000 வெள்ளி வரை மானியம் அறிவிக்கப்பட்டது. புதுக் கார் எண்ணம் இருந்தால் பழையதைக் கொடுக்கும் முன்பே ஷோரூமில் விசாரியுங்கள், எந்தத் தாள் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். காரை நசுக்கிய பிறகு போய்க் கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.