மணப்பாட்டு முனைக்குப் போகிறவர்களுக்கு

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் மணப்பாட்டு முனையைத் தூரத்திலிருந்து பார்த்தால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்குன்று போலத் தெரியும். கிட்டப் போனால்தான் அது மணல் என்பது புரியும். காற்று குவித்த கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருந்தது. அந்தச் சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து மணலோடு மணலை ஒட்டவைத்துக் கல்லாக இறுக்கிவிட்டது. அடியில் இறுகிய கல், மேலே இன்னும் இறுகாத மணல். இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது, எந்த மாதம் போகலாம் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். மணல் காற்றுக்குக் கட்டுப்பட்டது. ஆகவே இங்கே வருவதற்கு நாள் குறிக்கும்போது முதலில் காற்றைப் பாருங்கள், விடுமுறையை அப்புறம் பார்க்கலாம்.

எந்த மாதம்

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் பாதி வரை மிக நல்லது. வாடை தணிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்கு மேல் மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. ஆனால் பதநீரும் நுங்கும் கிடைக்கிற காலம் அதுதான். அதற்காக வருகிறவர்கள் விடியற்காலையில் வந்து ஒன்பது மணிக்குள் முனையை முடித்துவிட வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று இந்தச் சமவெளியில் தடையில்லாமல் ஓடிக் கடலில் இறங்குகிறது. இந்தப் பக்கம் அந்தப் பருவத்தில் மழை அபூர்வம் என்பதால் வானம் வெளுத்துக் கிடக்கும். அதை நம்பி வந்தவர்கள் கண்ணில் மணலோடு திரும்புவார்கள். மதியம் ஏறஏறக் காற்றும் ஏறும். வந்தே ஆக வேண்டுமென்றால் விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரைதான் உங்களுக்கு நேரம். கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடியும், முகத்தில் சுற்ற ஒரு பருத்தித் துண்டும் வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தூறலுக்குப் பயப்பட வேண்டாம், காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவிப்பு வந்தால் மட்டும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது, சாலைகளும் அறுந்தன. தாமிரபரணி பெருகினால் திருநெல்வேலிக்கும் இந்தக் கரைக்கும் இடையே போக்குவரத்து அற்றுப்போகும்.

கூட்டத்தையும் கணக்கில் எடுங்கள். புரட்டாசி நவராத்திரியில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா. அந்த நாட்களில், அதிலும் கடைசி இரண்டு மூன்று நாட்களில், அந்த வழியே வண்டி நகராது. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் தங்க இடம் கிடைக்காது. செப்டம்பர் 14 மணப்பாட்டிலேயே திருச்சிலுவைத் திருவிழா. திருவிழாவைப் பார்க்க வருவதென்றால் வாருங்கள். முனையைப் பார்க்க மட்டும் என்றால் வேறு நாள் பாருங்கள்.

போகும் வழி

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 60 கி.மீ.; பேருந்தும் உண்டு, ரயிலும் உண்டு. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே, குலசேகரன்பட்டினம் தாண்டி, சுமார் 18 கி.மீ.யில் மணப்பாடு. இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை திருநெல்வேலி மாவட்டம்தான். சூரிய உதயத்தை முனையில் பார்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூரில் இரவு தங்குவதே சரி. நெல்லையிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்து உதயம் பார்ப்பது என்பது ஆகாத காரியம். ஜனவரிக் கடைசியில் சூரியன் 6.38 போல உதிக்கும், மே கடைசியில் ஆறுக்கு முன்னாலேயே உதித்துவிடும். அரை மணி நேரம் முன்னதாக மேலே இருங்கள்.

திருச்செந்தூர் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். சொந்த வண்டியில் வருகிறவர்கள் தார் முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். மணலில் பைக்கின் பக்கவாட்டு ஸ்டாண்டு புதைந்து வண்டி சாயும். அடியில் தட்டையான கல் ஒன்றை வையுங்கள். கார் சக்கரம் இறங்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கவே கூடாது, மிதிக்கமிதிக்க அச்சு வரை புதையும். சக்கரத்துக்கு முன்னாலுள்ள மணலைக் கையால் வாரிவிட்டு, காற்றை 18 அல்லது 20 பிஎஸ்ஐக்கு இறக்கி, தென்னை மட்டையை அடியில் செருகி மெதுவாக நகர்த்துங்கள். கைக்கெட்டும் பனைமட்டையை எடுத்துப் போடாதீர்கள். அதன் கருக்கு கையையும் அறுக்கும், டயரின் பக்கவாட்டையும் கிழிக்கும். தார்ச் சாலை ஏறியதும் வேகமாக ஓட்டாமல் முதல் பங்க்கில் காற்றை நிரப்புங்கள்.

முனையின் மேல்

உச்சியில் திருச்சிலுவை ஆலயம். 1540-ல் புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்றின் தலைவன், பிழைத்துக் கரையேறிய நன்றிக்கு முறிந்த பாய்மரத்தால் இங்கே ஒரு சிலுவை நட்டான் என்பது ஊர் வழக்கு. இப்போதுள்ள ஆலயத்தின் தொடக்கம் 1581. தூய சவேரியார் 1542-ல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தவர். 1544-ல் மணப்பாட்டிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவர் தங்கிச் செபித்ததாகச் சொல்லப்படும் குகை ஆலயத்துக்குக் கீழே, கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது. அதற்குள் ஒரு சிறு கிணறு, தண்ணீர் உப்புக் கரிக்காது. காரணம் இந்த மணலேதான். மேலே பெய்த மழை மணல் வழியே இறங்கி, கனமான கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. திருச்செந்தூர் நாழிக்கிணற்றிலும் இதே சூட்சுமம்தான். இத்தகைய நன்னீர் ஒரு மெல்லிய அடுக்குதான், வாரி இறைத்தால் உப்பு ஏறிவிடும். ஆகவே ஒரு கை அள்ளிக் குடிப்பதோடு நிறுத்துங்கள்.

குகைக்குப் போகும் வழி ஈரமாக இருந்தால் ரப்பர் செருப்பு வழுக்கும். பின்புறம் வார் உள்ள, அடியில் பிடிமானமுள்ள செருப்பு போடுங்கள். ஆலயத்துக்குள்ளும் குகைக்குள்ளும் செருப்பு கூடாது. ஞாயிறு காலையில் திருப்பலி நடக்கும், அது முடிந்தபின் உள்ளே போவதுதான் மரியாதை.

இனி முக்கியமான விஷயம். கடல் பக்க விளிம்பில் நிற்காதீர்கள். இறுகிய மணற்கல்லின் அடிப்பாகத்தை அலை அரித்துக்கொண்டே இருக்கிறது, மேலே கூரை போல ஒரு பலகை மட்டும் நீண்டு நிற்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு அடியில் வெறுமை இருப்பது தெரியாது. முதலில் பக்கவாட்டில் இறங்கி, நிற்கப்போகும் இடத்தைக் கீழிருந்து பாருங்கள். குடைந்திருந்தால் விளிம்பிலிருந்து மூன்று மீட்டராவது உள்ளே தள்ளி நில்லுங்கள். மேற்பரப்பில் விளிம்புக்கு இணையாக விரிசல் ஓடினால் அந்தப் பக்கமே போக வேண்டாம். மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம், ஊறிய மணற்கல் தன் பாரத்திலேயே சரியும்.

சரிவுகளில் படர்ந்திருக்கும் அடம்புக்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் மிதிக்காமல் ஏற்கெனவே நடந்த தடத்திலேயே நடங்கள். இராவணன் மீசை தன்னைத்தானே காத்துக்கொள்ளும். ஊசி போலக் கெண்டைக்காலில் குத்தும். அடம்புக்கு அந்த வலு இல்லை. நூறு பேர் ஒரே இடத்தில் மிதித்தால் கொடி செத்து, அங்கே மணல் வெளுத்து, அடுத்த கச்சானில் அந்த இடம் பள்ளமாகும். இந்தக் குன்றைக் கட்டி வைத்திருப்பது அந்தக் கொடிதான்.

கடலில் இறங்குவதற்கு முன்

இந்தப் பகுதியில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆகவே அதைவிட அலையைத்தான் கவனிக்க வேண்டும். பாறைப் பக்கம் இறங்குமுன் கால் மணி நேரம் உலர்ந்த இடத்தில் நின்று பாருங்கள். சின்ன அலைகளாகக் கொஞ்ச நேரம் வந்தபின், பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டமாக வரும். பாறையில் ஈரக்கோடு எதுவரை இருக்கிறதோ அதுவரை அலை வரும் என்று பொருள். கறுத்துப் பச்சைப்பாசி படிந்த கல்லில் காலே வைக்கக் கூடாது. கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பதும் கூடாது.

முனையை ஒட்டிக் குளிப்பது ஆபத்து. கரைக்கு வந்த தண்ணீர் பாறையோரமாகத் திரும்பி வேகமாகக் கடலுக்குள் இழுக்கும். கருமேனியாறு கடலில் சேரும் வாயும் அப்படித்தான். முழங்கால் ஆழம் என்று இறங்கினால் கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் காலை வாரிவிடும். வாய் ஒரே இடத்தில் நிற்பதில்லை, போன வருடம் நடந்து கடந்த இடம் இந்த வருடம் ஆழமாக இருக்கலாம். குழந்தைகளோடு வருகிறவர்கள் அலையில்லாத ஆற்றுப் பக்கத்துத் தேக்கத்தில், கரையோரமாக, ஊர்க்காரர்கள் குளிக்கிற இடம் எதுவென்று கேட்டுவிட்டுக் குளிக்கலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை உண்டா என்று செய்தியில் பாருங்கள். தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் வந்து ஏறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிக்க முடியாது. கரையில் வலை பிரிப்பவர்களிடம் ‘அண்ணாச்சி, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?’ என்று கேட்டால் போதும், சரியான பதில் கிடைக்கும்.

கடற்கரை அவர்கள் தொழில் செய்யும் இடம். காயப்போட்ட வலையைத் தாண்டி நடக்காமல் சுற்றிப் போங்கள். செருப்பின் கொக்கி ஒன்று மாட்டினாலே கண்ணி அறும். ஞாயிறன்று கடலுக்குப் போக மாட்டார்கள், மீன் இறங்குவதைப் பார்க்க மற்ற நாட்களில் வாருங்கள். டிரோன் வேண்டாம். குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். வேலியும் காவலும் உள்ள பகுதி பக்கத்திலேயே இருக்கிறது.

பிற்பகலில் தேரி

மணப்பாட்டோடு திரும்பிவிட்டால் பாதிதான் பார்த்ததாகும். உள்ளே தள்ளி, காயாமொழிப் பக்கம் குதிரைமொழித் தேரி என்னும் மணல்மேட்டுப் பரப்பு கிடக்கிறது. இங்கே மணல் செக்கச்சிவப்பு. மணலின் ஒவ்வொரு துகள் மேலும் இரும்புத் துரு மெல்லிய தோலாகப் படிந்திருப்பதால் வந்த நிறம். வெயில் சாயும் நான்கு மணிக்கு மேல்தான் அந்தச் சிவப்பு துலங்கும். உச்சிவெயிலில் போனால் கண் கூசுவதுதான் மிச்சம். நவம்பரில் ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், ஜூனில் 6.35 ஆகும், அதற்கேற்ப அரை மணி நேரம் முன்பே சாலைக்குத் திரும்புங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். கால் புதையும் மணலில் நடை பாதியாகக் குறையும், ஒரு கி.மீ.க்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது காற்றுக்கு எதிராக, வரும்போது காற்று முதுகில். களைத்த பின் எதிர்காற்றில் நடப்பது கடினம். வந்த காலடித் தடத்தை நம்பாதீர்கள், காற்று சிறிது நேரத்தில் துடைத்துவிடும். மேடுகளெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பனைக்கூட்டம், கோயில், மின்கம்பம் என்று ஏதாவது ஒன்றை அடையாளம் வைத்து, அது கண்ணுக்கு மறையாத தூரம் வரையே செல்லுங்கள். உடைமரத்து அடியிலும் புதருக்குள்ளும் கையை விடாதீர்கள். சுருட்டை விரியன் மணல் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும்.

அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் இந்த வறண்ட மணலுக்கு நடுவே ஒரு சுனை இருக்கிறது. முனையில் பார்த்த கிணற்றையும் இதையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது; மணல் எப்படித் தண்ணீரைக் காத்து வைக்கிறது என்பது கண்ணால் விளங்கும். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட வரும் குடும்பங்களால் இடம் நிறைந்திருக்கும். தேரியில் சின்னச்சின்னக் கற்கருவிகள் கிடக்கும். நுண்கற்காலத்தவை, 1950-களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தவை. கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். இடம் மாறிய கல்லால் ஆய்வாளருக்குப் பயனில்லை.

திரும்பும் வழியில் உடன்குடி. கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர். வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சர்க்கரை போல மின்னினால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, காகிதத்தில் சுற்றி, ஈரம் படாத பானையிலோ டின்னிலோ போட்டுவையுங்கள். மழைக்காலத்தில் கசியத் தொடங்கினால் ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் போதும்.