தடுப்பு சினாப்ஸ்களின் ஏற்பிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"காபா வந்து ஒட்டும், குளோரைடு உள்ளே போகும், நியூரான் அடங்கும்." ஒரு நரம்புச் செல் (நியூரான்) காபா போன்ற வேதிப்பொருளை வெளியிட்டு அடுத்ததை அடக்கும் சந்திப்புதான் தடுப்பு சினாப்ஸ். அதைப் பற்றிப் பலரும் இந்த ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். பாடத் தேர்வுக்கு இது போதும். ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கவோ சோதனை செய்யவோ இறங்கினால், தவறுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

காபா ஒட்டியதும் குளோரைடுக்கு வழிவிடும் புரதமான காபா-ஏ ஏற்பி என்பது ஒரே பொருள் அல்ல. ஐந்து துணை அலகுகள் வளையமாகச் சேர்ந்தது அது. அந்த அலகுகளுக்கு மனிதரிடம் 19 மரபணுக்கள் உண்டு. மூளையில் அதிகம் காணப்படும் கூட்டணி, இரண்டு ஆல்ஃபா1, இரண்டு பீட்டா2, ஒரு காமா2. இதில் ஆல்ஃபா எது என்பதைப் பார்க்காமல் மருந்தின் விளைவைப் பேச முடியாது. பதற்றத்தைத் தணிக்கும் மருந்தான டயஸிபாம் உட்காரும் இடம் ஆல்ஃபாவும் காமா2-வும் சேரும் இடுக்கு. அங்கே ஆல்ஃபா 1, 2, 3, 5 ஆகியவற்றில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. 4, 6 இரண்டிலும் அதே இடத்தில் ஆர்ஜினின், அதனால் மருந்து ஒட்டாது. 1999-இல் சுண்டெலிகளின் ஆல்ஃபா1-இல் அந்த ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்றினார்கள். டயஸிபாம் தரும் தூக்க மயக்கம் போயிற்று, பதற்றத்தைத் தணிக்கும் குணம் அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு ஆல்ஃபா2-இல் அதே மாற்றத்தைச் செய்தபோது, பதற்றம் தணிவது நின்றது. எவ்வளவு அழகான சோதனை!

இதைவிடப் பெரிய தவறு, செல்லில் இருப்பதெல்லாம் சினாப்ஸிலும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. ஆர்என்ஏ அளவோ, புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டோ இடத்தைச் சொல்லாது. டெல்டா அலகு கொண்ட ஏற்பிகள் சினாப்ஸுக்கு வெளியே நின்று, அங்கே கசியும் சொற்ப காபாவை உணர்கின்றன. சரி, ஏற்பியில் ஒட்டி ஒளிரும் ஆன்டிபாடி போட்டுப் பார்த்துவிடலாம் என்றால் அதிலும் கவனம் வேண்டும். ஃபார்மால்டிஹைடில் அழுத்தமாகப் பதப்படுத்திய திசுவில் சினாப்ஸுக்குள் ஆன்டிபாடி நுழையாமல் போகலாம். வெளியே இருப்பவை மட்டும் ஒளிரும், முடிவு தலைகீழாகிவிடும். பெப்சின் என்ற நொதி கொண்டு திசுவைப் பக்குவப்படுத்துவது இதற்காகத்தான். அப்புறம், சாதாரண கான்ஃபோகல் நுண்நோக்கி சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. சினாப்ஸ் இடைவெளியோ 20 நானோமீட்டர் அளவுதான். ஏற்பிக்கும் சினாப்ஸுக்கும் இட்ட இரண்டு நிறப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஏற்பிகளைச் சினாப்ஸில் பிடித்துவைக்கும் ஜெஃபிரின் புரதம் தெரிந்தால், அது காபாவைப் போல அடக்கும் இன்னொரு வேதிப்பொருளான கிளைசினின் சினாப்ஸ்தான் என்று முடிவு கட்டுவதும் தவறு. கிளைசின் ஏற்பியைப் பிரித்தெடுத்தபோது கூடவே வந்த புரதம் அது என்பதால் அந்த எண்ணம் வந்தது. காபா-ஏ சினாப்ஸ்களிலும் அது தாராளமாக உண்டு. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் ஒரே நரம்பு முனை காபா, கிளைசின் இரண்டையும் சேர்த்தே வெளியிடுவதும் உண்டு.

கடைசியாக, வயது. பிறந்த புதிதில் நியூரானுக்குள் குளோரைடு அதிகம்; கேசிசி2 புரதம் பெருகி அதை வெளியேற்றும்வரை காபா மின்னழுத்தத்தை மேலே தள்ளும். பல பகுதிகளில் ஆல்ஃபா2-இன் இடத்தை ஆல்ஃபா1 பிடிப்பதும், சினாப்ஸ் மின்னோட்டம் சீக்கிரம் அடங்கத் தொடங்குவதும் பிறந்த முதல் சில வாரங்களில்தான். அதனால் எலிக்குஞ்சின் மூளைத் துண்டில் கிடைத்த அளவீட்டை வளர்ந்த எலிக்கு அப்படியே ஏற்றக் கூடாது.