வீட்டுப் பூல் டேபிள்: சத்தத்தைக் குறைக்கும்போதும் சாமான் வைக்க இடம் செய்யும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் பூல் டேபிள் வாங்கிப் போட்டவர்கள், கீழ்வீட்டிலிருந்து முதல் புகார் வந்தவுடன் பெரும்பாலும் செய்வது, மேடுபள்ளமான ஃபோம் ஷீட்டுகளை வாங்கிச் சுவரெங்கும் ஒட்டுவதுதான். அதற்குச் செலவிடும் பணம் ஏறக்குறைய வீண். அந்த ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, சுவரையும் தரையையும் தாண்டிப் போகும் சத்தத்தைத் தடுக்காது. அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுப்பது பந்தும் பந்தும் மோதும் ஓசையைவிட, மேசையின் ஓரத்திலுள்ள பாக்கெட் எனும் குழியில் விழும் பந்தின் அதிர்ச்சிதான். ஒரு பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ.; எடை 156 முதல் 170 கிராம் வரை இருக்கும். அத்தனை கனமான, கடினமான பந்து பாக்கெட்டுக்குள் விழும்போது உண்டாகும் அதிர்வு மரச்சட்டத்தில் இறங்கி, மேசையின் கால்கள் வழியாகத் தரைக்குப் போய், கீழ்வீட்டின் கூரையிலிருந்து சத்தமாக வெளிப்படுகிறது. ஆகவே வேலை தொடங்க வேண்டிய இடம் சுவரல்ல, மேசை.

எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே எதையாவது ஒட்டத் தொடங்குவது அடுத்த தவறு. ஒருவர் ஒவ்வொரு பாக்கெட்டிலும் பந்தைக் கையால் மெல்ல உருட்டி விட, இன்னொருவர் மேசையின் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கவனித்தால் போதும். பந்து விழும் இடம், அது உருண்டு வரும் தடம், கடைசியில் போய் முட்டும் பெட்டி ஆகிய மூன்றில் எது அதிகம் அதிர்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு, குஷன் (பந்து பட்டுத் திரும்பும் ரப்பர் விளிம்பு) பொருத்தப்பட்டுள்ள ஓரச்சட்டங்களின் மேல் முஷ்டியால் வரிசையாகத் தட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருக்கும் சட்டம் திடமான ஒலி தரும். ஓரிடத்தில் மட்டும் கடகடவென்று ஒலித்தால், அங்கே அடியிலுள்ள போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அத்தகைய இடத்தில் பந்து குஷனில் பட்டுத் திரும்பும் வேகமும் குறைந்திருக்கும். தளர்ந்த போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், எல்லாவற்றையும் சிறிது சிறிதாகச் சுற்றிவந்து இறுக்கினால், காசு செலவில்லாமலே பாதித் தொல்லை தீரக்கூடும். இதைச் செய்யாமல் ஒட்டப்படும் ரப்பரும் ஃபெல்ட் எனும் கெட்டிக் கம்பளித் துணியும் நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து போடுவதாகவே முடியும்.

பாக்கெட்டுக்குள் மெத்து வைப்பதில் பெரும்பாலோர் தடிமன் கூடினால் பலனும் கூடும் என்று நினைக்கிறார்கள். வலைப்பை அல்லது தோல்பை தொங்கும் மேசைகளில் அடியில் ஸ்பாஞ்சைத் திணித்தால் பையின் ஆழம் குறைந்து, இரண்டு மூன்று பந்துகள் சேர்ந்ததும் அடுத்து வரும் பந்து அவற்றின் மேல் பட்டு வெளியே துள்ளிவிடும். பந்து தானாகத் திரும்பி வரும் அமைப்புள்ள மேசையில் நிலைமை இன்னும் மோசம். அதன் தடத்தின் சரிவு மிகக் குறைவு. அடிப்பரப்பு மெத்தென்றானால் பந்து வேகமிழந்து நடுவழியில் நின்றுவிடும், பக்கங்களில் ஒட்டினால் வளைவில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய பந்தை எடுக்கப் பக்கப் பலகையையே கழற்ற வேண்டியிருக்கும். உருளும் பரப்பைத் தொடாமல், பந்து மோதும் இடங்களில் மட்டும், அதாவது பாக்கெட்டிலிருந்து விழுந்து படும் இடத்திலும் சேகரிப்புப் பெட்டியின் எதிர்ச்சுவரிலும், 2 அல்லது 3 மி.மீ. தடிமனுள்ள ஃபெல்ட்டோ தக்கை ஷீட்டோ ஒட்டுவது போதுமானது. முதலில் இருபக்க டேப்பால் ஒட்டி, ஐந்தாறு பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டுச் சோதித்த பின்னரே நிரந்தரமாகப் பசை போட வேண்டும். பசை ஓரங்களில் பிதுங்கி நின்றால் ஆடும் கோலின் நுனியில் தேய்க்கும் சாக்கின் தூளும் தூசியும் அதில் ஒட்டி, அந்த அழுக்கு பந்தின் வழியாக மேசையின் மேல் இழுத்துப் போர்த்திய துணிக்கு வந்து சேரும்.

கால்களுக்கு அடியில் செய்யும் வேலைதான் இவை எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது. தவறினால் அதிகச் சேதம் விளைவிப்பதும் அதுவே. மூன்று துண்டு ஸ்லேட் கல் பதித்த எட்டடி மேசை சுமார் 350 முதல் 450 கிலோ வரை எடை கொண்டது. நான்கு கால்கள் என்றால் ஒவ்வொன்றின் மேலும் ஏறத்தாழ 100 கிலோ அழுந்துகிறது. யோகா மேட்டை வெட்டி அடியில் வைப்பவர்கள், அந்த எடையில் அது அப்பளமாகிவிடும் என்பதையும், நான்கு கால்களிலும் ஒரே அளவாக நசுங்காது என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. சில வாரங்களில் ஒரு மூலை இறங்கி, மெதுவாக உருட்டிய பந்து கடைசி ஓரடித் தூரத்தில் பக்கவாட்டில் நழுவத் தொடங்கும். கனமான இயந்திரங்களுக்கு அடியில் வைக்கும் கெட்டி ரப்பர் பேடே இதற்கு ஏற்றது. நான்கு கால்களுக்கும் ஒரே பொருளை, ஒரே தடிமனில், ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். எடை பரவுவதற்காக ரப்பருக்கும் காலுக்கும் இடையே கெட்டியான மரத்துண்டு ஒன்றைக் கொடுப்பது நல்லது.

மேசையைத் தூக்கும் முறையில் பிழை நேர்ந்தால் அதைச் சரிசெய்வது எளிதல்ல. ஓரச்சட்டத்தைப் பிடித்து நாலு பேர் தூக்கினால் போல்ட்டுகள் பிடுங்கும். ஒரு மூலையை மட்டும் உயர்த்தினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டு, ஸ்லேட் துண்டுகளின் இணைப்பில் நிரப்பியுள்ள மெழுகு வெடிக்கும். பிறகு துணிக்கு அடியில் அந்தக் கோடு விரலுக்குத் தட்டுப்படுவது மட்டுமல்ல, மெதுவாகப் போகும் பந்தும் அதைத் தாண்டும்போது துள்ளும். ஒரு முனையின் இரண்டு கால்களும் சேர்ந்தே எழும்படி, கெட்டியான அடிச்சட்டத்துக்குக் குறுக்கே மரப்பலகை கொடுத்து, ஜாக்கியால் பேடு நுழையும் அளவுக்கு மட்டும் உயர்த்த வேண்டும். இறக்கிய பின் ரசமட்டத்தை ஓரச்சட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கக் கூடாது. ஆடும் பரப்பின் நடுவிலும் நான்கு மூலைகளிலும், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ரப்பர் நன்றாக அமர்ந்துகொள்ள நாளாகும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை பார்ப்பது அவசியம்.

இனி, சாமான் வைக்கும் இடம். மேசைக்கு அடியில் அத்தனை இடம் வெறுமனே கிடப்பதைப் பார்த்ததும் தச்சரை அழைத்து இழுப்பறை பொருத்தத் தோன்றுவது இயல்பு. ஆனால் அடிச்சட்டத்தோடு இணைத்த மெல்லிய பிளைவுட் பெட்டி, காலியாக இருக்கும்போது, விழும் ஒவ்வொரு பந்துக்கும் தவில்போல் ஒலிக்கும். சத்தத்தைக் குறைக்கப் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு பெட்டியில் அடிபட்டுப் போகும். இழுப்பறை ஓரச்சட்டத்தின் போல்ட்டுகளை மறைத்துவிட்டால் அடுத்த முறை இறுக்குவதற்கு ஸ்பேனரும் நுழையாது. திருகு நீளமாக இருந்து ஸ்லேட்டில் ஏறினால் கல் விரிசல் விடும். துணியைக் கழற்றாமல் அந்தக் கல்லை மாற்ற முடியாது. மேசையைத் தொடாமல் தனியே நிற்கும், ரப்பர் சக்கரம் வைத்த தாழ்வான தள்ளுபெட்டியே என் தேர்வு. சுற்றிலும் சில சென்டிமீட்டர் இடைவெளியும், ஆடுபவரின் கால் நுழைய ஓரத்தில் ஓரடி உள்வாங்கலும் விட்டு, அதற்குள் போர்வை, தலையணை போன்றவற்றை வைத்தால் அவையே ஓரளவு சத்தத்தை உறிஞ்சும். புத்தகக் கட்டும் மிஞ்சிய டைல்ஸ் பெட்டியும் அங்கே வேண்டாம். இந்தியாவில் வீடுகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமை தாங்கும்படி வடிவமைக்கப்படுவது வழக்கம். மேசையும் சுற்றி நிற்பவர்களும் அதில் கணிசமான பங்கை ஏற்கெனவே எடுத்துக்கொள்கிறார்கள். பழைய கட்டடமாக இருந்தால் மேசை வைக்கும் முன்பே ஒரு கட்டடப் பொறியாளரைக் கேட்பது நல்லது.

மேசையின் மேற்பரப்பைச் சாமான் தட்டாக்குவதும் கூடாது. இஸ்திரி போட்ட துணியில் தொடங்கி அட்டைப்பெட்டியில் முடியும் அந்தப் பழக்கம் துணியை அழுக்காக்கும், ஓரச்சட்டத்தைத் தளர்த்தும். சாப்பாட்டு மேசையாகவும் வேண்டுமென்றால், அடியில் ஃபெல்ட் ஒட்டிய பலகைகளை எல்லா ஓரச்சட்டங்களிலும் சமமாகப் படியும்படி வைக்கலாம். ஆனால் அதன் மேல் யாரும் ஏறி உட்காரக் கூடாது.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். துணி சற்று ஈரமாக இருக்கும்போதே ரெக்சின் உறையைப் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஸ்லேட்டுக்குப் பதிலாக எம்.டி.எஃப். பலகை (மரத்தூளை அழுத்திச் செய்தது) உள்ள மேசையென்றால் பலகையே உப்பிவிடும். காற்றுப் புகும் பருத்தி விரிப்பு இந்த மாதங்களுக்குப் பொருத்தமானது. பந்துகளைத் தோல்பையிலேயே விட்டுவைத்தால் எடையில் தோல் தொய்ந்துபோகும் என்பதால், ஆட்டம் முடிந்ததும் துடைத்து, ஃபெல்ட் விரித்த தட்டில் எடுத்து வைக்க வேண்டும். கியூக்களுக்கான (பந்தை அடிக்கும் கோல்களுக்கான) ஸ்டாண்டை மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்டினால் மரம் கோணும். பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறையை ஒட்டிய சுவரில் மாட்டினால், ஒவ்வொரு முறை கியூவைத் திருப்பி வைக்கும்போதும் அந்தத் தட்டல் அவருக்குக் கேட்கும். வீட்டின் உட்சுவர் ஒன்றில் மாட்டி, கியூவின் அடி ஊன்றும் பலகையில் ரப்பர் பட்டை ஒன்றை ஒட்டிவிட்டால் இரண்டு தொல்லையும் இராது.