கப்பல்ல கிறிஸ்மஸ் ஆர்னமெண்ட் மாத்திக்கணுமா? பாதி வேலைய கரையிலயே முடிங்க

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் வளந்தவங்களுக்கு கிறிஸ்மஸ் ஃபிரண்டுன்னா என்னன்னு சொல்ல வேண்டாம், டிசம்பர் பொறந்ததும் வகுப்புலயோ சர்ச் வாலிபர் கூட்டத்துலயோ சீட்டு குலுக்கி ஆளுக்கு ஒரு பேர எடுப்போம், யாரு யாருக்குன்னு கடைசி நாள் வரைக்கும் வாய தொறக்க மாட்டோம், அப்புறம் ஒரு சின்ன பரிசு. பார்டர் தாண்டி கேரளா பக்கம் பாறசாலையில கேட்டாலும் இதே கததான். பெரிய குரூஸ் கப்பல்ல டிசம்பர்ல போற குடும்பங்க தங்களுக்குள்ள நடத்துற ஆர்னமெண்ட் எக்ஸ்சேஞ்சும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். ஆளுக்கு ஒரு கிறிஸ்மஸ் மர அலங்காரத்த பொதிஞ்சு கொண்டு வரணும், கப்பல்ல ஒரு எடத்துல கூடி மாத்திக்கணும், அவ்வளவுதான். ஆனா அடுத்த வருஷம் வீட்டுல மரம் வைக்கும்போது அந்த ஒரு பொருள கையில எடுத்தா, கடல் நடுவுல நம்ம பக்கத்துல உக்காந்திருந்த யாரோ ஒரு குடும்பம் அப்படியே கண்ணு முன்னால வந்து நிக்கும்.

நாங்க ரெண்டு தடவ நடத்திருக்கோம், ரெண்டும் கொச்சியிலருந்து கெளம்புற கப்பல்லதான், எங்க வீடு, கொழுந்தன் வீடு, துபாயிலருந்து லீவுக்கு வந்த நாத்தனார் வீடு, மூணு குடும்பம் சேந்து போனோம். முதல் தடவ சரியா வரல. கப்பல் ஏறினப்புறம் வாட்ஸ்அப்ல எடமும் நேரமும் சொல்லிக்கலாம்னு விட்டுட்டோம், கரைய விட்டு கொஞ்ச தூரம் போனதும் டவர் போயிருச்சு, கப்பல் வைஃபைக்கு தனி காசு, பாதிப் பேரு அத வாங்கல. 22 பேரு வரேன்னு சொன்னதுல வந்தது 9 பேரு. பேத்திக்காக ராத்திரி முழிச்சு குரோஷா ஸ்டார் பின்னிக்கொண்டு வந்த ஒரு அம்மா, எடம் தெரியாம வேற டெக்குல, அதாவது கப்பலோட வேற மாடியில, ஒரு மணி நேரம் காத்துக்கிட்டு இருந்தாங்கன்னு மறுநாள் சாப்பிடும்போதுதான் தெரிஞ்சுது. அது எனக்கு இன்னும் மனசுல கெடக்கு. அதனாலதான் இதெல்லாம் இவ்வளவு வெவரமா எழுதுறேன்.

கெளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆள் சேக்க ஆரம்பிச்சிருங்க. அதே தேதியில அதே கப்பல்ல வர்றவங்க டிராவல் ஏஜெண்ட் மூலமா, சொந்தக்காரங்க மூலமா, ஃபேஸ்புக் குரூப் மூலமா கண்டிப்பா கெடைப்பாங்க. ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டு பேரு, எத்தன பேரு, பிள்ளைங்க வயசு மட்டும் வாங்கி ஒரு நோட்டுல எழுதிக்குங்க. கேபின் நம்பர குரூப்புல போடச் சொல்லாதீங்க, அத்தன பேருக்கும் நம்ம கதவு நம்பர் தெரிய வேண்டிய அவசியம் இல்ல, போன் நம்பர் குடுக்கிறதும் அவங்கவங்க இஷ்டம். 20 பேரு வரைக்கும் ரொம்ப நல்லா இருக்கும், 30 தாண்டினா ரெண்டு கூட்டமா பிரிச்சிருங்க, ஏன்னா ஒவ்வொருத்தரும் பிரிச்சு காமிச்சு ரெண்டு வார்த்த பேச ரெண்டு நிமிஷம் ஆகும், 20 பேருக்கே 40 நிமிஷம், அதுக்கு மேல சின்னப் பிள்ளைங்க உக்காராது.

நாள் நேரத்த குரூப்புலயே, கரையிலயே முடிவு பண்ணணும். முதல் நாள் வேணவே வேணாம். கோஸ்டா கான்கார்டியா விபத்து 2012ல நடந்தப்புறம் கப்பல் பாதுகாப்பு விதிய மாத்தினாங்க, 2015லருந்து கப்பல் கெளம்புறதுக்கு முன்னாடியோ கெளம்பின ஒடனேயோ எல்லா பயணிக்கும் மஸ்டர் டிரில், அதாவது ஆபத்து வந்தா எங்க வந்து நிக்கணும்னு சொல்லிக்குடுக்கிற பயிற்சி, கட்டாயம். அதோட பெட்டி கேபினுக்கு வந்து சேர நேரமாகும், பிள்ளைங்க கப்பல சுத்திப் பாக்க துடிக்கும், யாருக்கும் மனசு ஒரு எடத்துல நிக்காது. கரையில நிக்கிற நாளும் வேணாம், பாதிப் பேரு எறங்கிப் போயிருவாங்க. முழு நாளும் கடல்ல ஓடுற நாள்தான் சரி, அதுலயும் காலச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவுல, ஒரு 11 மணி. ஏறின ஒடனே அன்னன்னைக்கு என்ன நிகழ்ச்சின்னு ஒரு தாள் குடுப்பாங்க, சில கப்பல்ல ஆப்புல இருக்கும், அத பாத்து பிள்ளைங்களுக்கு மேஜிக் ஷோ ஏதும் அதே நேரத்துல இருக்கான்னு ஒரு தடவ சரி பாருங்க, எங்களுக்கு முதல் தடவ அதுலயும் அடி விழுந்துச்சு.

எடத்துக்கு கப்பல் ரிசப்ஷன்ல போய் மரியாதையா கேளுங்க. சீட்டாடுற ரூம், லைப்ரரி, காபி குடிக்கிற எடத்துல ஒரு மூல, இதுல ஏதாவது ஒண்ண பெரும்பாலும் காசு வாங்காமலே குடுப்பாங்க, முடிஞ்சா ஏறுறதுக்கு முன்னாடியே ஈமெயில் அனுப்பி கேட்டு வச்சிருங்க. கப்பலோட நடுப்பகுதியில, கீழ் டெக்குல கெடைச்சா விடாதீங்க, அங்கதான் ஆட்டம் கம்மி, வயசானவங்களுக்கு தல சுத்தாது. நீச்சல் குளம் இருக்கிற மேல் டெக்கு பாக்க அழகா இருக்கும், ஆனா காத்து ஒரு பேப்பர் ஸ்டார விடாது, பொதிஞ்ச கவர் பறந்து கடல்ல விழுந்தா அது நம்ம தப்பு. கப்பல்லருந்து பிளாஸ்டிக்க கடல்ல போடுறது உலகம் முழுக்க தடை, அதனால மினுமினு ஜிகினா தூள் ஒட்டின பொருளும் வேண்டாம்னு நான் முன்கூட்டியே சொல்லிருவேன், அது கார்ப்பெட்டுல ஒட்டினா கூட்டுற பிள்ளைங்கதான் கஷ்டப்படும்.

இனி என்ன பொருள் கொண்டு வரலாம்ங்கிறது, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். வெல 200லருந்து 300 ரூபாக்குள்ளன்னு ஒரே அளவா வச்சிருங்க, இல்லன்னா ஒருத்தர் வெள்ளி மணி கொண்டு வருவாங்க இன்னொருத்தர் 30 ரூபா பிளாஸ்டிக் உருண்ட கொண்டு வருவாங்க, ரெண்டு பேருக்கும் சங்கடம். கையால செஞ்சதுன்னா வெல பாக்க வேணாம்னும் சேத்து சொல்லுங்க. நம்ம பக்கத்துல இதுக்கு பஞ்சமே இல்ல பாத்துக்குங்க. நாகர்கோவில்ல 1820கள்ல மிஷனரி மால்ட் அம்மா பொம்பளப் பிள்ளைங்களுக்கு லேஸ் பின்ன சொல்லிக்குடுத்தாங்க, அந்த கை வேல தலமொற தலமொறையா வந்து இன்னைக்கும் லேஸ்ல ஸ்டாரு, மணி, ஏஞ்சல் பின்னுற அம்மாமாரு இருக்காங்க, ஒரு கஞ்சித் தண்ணியில முக்கி காய வச்சா வெறச்சு நிக்கும், எடையே கெடையாது, பெட்டியில நசுங்கினாலும் ஒடையாது. கப்பலுக்குன்னே செஞ்ச மாதிரி பொருள் அது.

பன ஓலையும் அதே மாதிரிதான். குருத்தோலை ஞாயித்துக்கு சின்ன வயசுல ஓலைய மடிச்சு சிலுவ செஞ்ச கைக்கு ஒரு நட்சத்திரம் மடிக்கிறது பெரிய வேலையே இல்ல. ஆனா பச்ச ஓலையில செய்யாதீங்க, ரெண்டு நாள்ல சுருங்கிரும், வேற நாட்டுல எறங்குற கப்பலா இருந்தா பச்ச எல, வெத, பூ இதெல்லாம் சோதனையில புடிச்சு வச்சிருவாங்க. காஞ்ச ஓலைய கொஞ்ச நேரம் தண்ணியில நனச்சு, ஈரத் துணியில சுத்தி வச்சு, இளகினதும் கீறி மடிங்க. செரட்டையில தேச்சு செஞ்ச மணி, பிறை மாதிரி அறுத்த துண்டு, இதுவும் நல்லா இருக்கும், எண்ணெ தடவி தேச்சா கருப்பா பளபளன்னு வரும். பார்டருக்கு அந்தப் பக்கம் உள்ளவங்க கைதோலையில, அதாவது தாழை ஓலையில, பின்னினது கொண்டு வந்தாங்க. ஆந்திரா பார்டர் பக்கமிருந்து, நகரியிலருந்து ஒரு குடும்பம், ஆந்திராவுல ஏடிகொப்பாக்காங்கிற ஊருல செய்யுற மரப் பொம்மையில சின்னதா ஒண்ண வாங்கி நூல் கோத்து கொண்டு வந்திருந்தாங்க, அந்த அரக்குச் சாயத்தோட மஞ்சளும் செவப்பும் மரத்துல தொங்கும்போது வேற எதுவும் கண்ணுல படாது.

சிப்பியில செஞ்சது கொண்டு வரலாமான்னு கேப்பீங்க, கன்னியாகுமரி கடையெல்லாம் அதானே. எனக்கு அதுல கொஞ்சம் பயம். பவளத் துண்டும் சில வகை சங்கு சிப்பியும் 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துக்குள்ள வரும், எது வரும் எது வராதுன்னு பாத்தா நமக்கு தெரியாது, துறைமுக ஸ்கேன்ல வச்சு கேட்டா பதில் சொல்ல முடியாது. லட்சத்தீவு பக்கம் போற கப்பலா இருந்தா கண்டிப்பா வேணாம்.

வேற என்னெல்லாம் கூடாதுன்னா, கப்பல்ல எல்லாத்தையும் விட பெரிய பயம் தீ. அதனால மெழுகுவத்தி, ஊதுபத்தி, பிளக்குல மாட்டுற சீரியல் பல்ப், பனி மாதிரி அடிக்கிற ஸ்பிரே டப்பா, ஒண்ணும் எடுத்து வைக்காதீங்க, ஏறும்போதே வாங்கி வச்சுக்குவாங்க. கண்ணாடி உருண்ட அழகுதான், ஆனா எங்க மைனி கொண்டு வந்தது கொச்சி வரைக்கும் ரயில்ல நல்லா வந்து கப்பல் பெட்டியில தூள் தூளாயிருச்சு. வீட்டுல செஞ்ச முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எல்லாம் சேத்து குடுக்கணும்னு நமக்கு கை துடிக்கும், பல கப்பல்ல வீட்டுச் சாப்பாட்ட உள்ள விட மாட்டாங்க, அதனால அத ரயில்லயே சாப்பிட்டு முடிச்சிருங்க.

பொருள் எதுவா இருந்தாலும் கூட ஒரு சீட்டு இருக்கணும், இதத்தான் நான் எல்லாரையும் விடாம கேப்பேன். வெறும் பொருள் ஒரு வருஷத்துல யாரு குடுத்ததுன்னு மறந்துபோகும். சீட்டுல எங்க ஊரு, இத யாரு செஞ்சா இல்ல எங்க வாங்கினோம், எந்த வருஷம் எந்த கப்பல், இவ்வளவு போதும். நான் எழுதினது இப்படி: "இது எங்க அம்மச்சி பின்னின லேஸ். ஊரு குழித்துறை. அம்மச்சிக்கு இப்ப கண்ணு தெரியல, இது கடைசியா பின்னினதுல ஒண்ணு." அத வாங்கின கோட்டயம் சேச்சி வாசிச்சுட்டு அழுதுட்டாங்க. சீட்ட மலையாளத்துலயோ தமிழ்லயோ தெலுங்குலயோ அவங்கவங்க மொழியிலயே எழுதட்டும், வாசிச்சு சொல்ல கூட்டத்துல யாராவது இருப்பாங்க, பார்டர்ல உள்ள நமக்கு ரெண்டு மொழி வாயில இருக்கே அது இந்த மாதிரி எடத்துலதான் உதவும்.

ஏறும்போது ஆர்னமெண்ட கைப்பையில வச்சுக்குங்க, பெட்டிய டெர்மினல்லயே குடுத்திருவோம், அது ராத்திரிதான் கதவுக்கு வந்தாலும் வரும். நடத்துறவங்க கூடுதலா நாலஞ்சு ஆர்னமெண்ட் எடுத்துக்கணும், மறந்துட்டு வர்றவங்க, பாத்துட்டு நாங்களும் சேரலாமான்னு கேக்கிறவங்க கட்டாயம் இருப்பாங்க, இல்லன்னு சொல்லி அனுப்புறது பாவம். அப்புறம் நம்பர் ஸ்டிக்கர், பேனா, சீட்டு போட ஒரு துணிப்பை, பிள்ளைங்க வெட்டுற மொண்ண கத்திரி, நாள் நேரம் எடம் எழுதின நாலு தாள். எடம் ஏறினப்புறம்தான் உறுதியாச்சுன்னா அந்த தாள்ல எழுதி ரிசப்ஷன்ல கேட்டு ஒட்டுங்க, டவர நம்பாதீங்க. போன ஏரோப்ளேன் மோடுல போட்ருங்க, கப்பலோட சொந்த நெட்வொர்க்ல தானா ஏறிருச்சுன்னா ரோமிங் பில்லு தலைக்கு மேல வரும்.

கதவுல ஒரு அடையாளம் மாட்டணும்னா காந்தம் கொண்டு போங்க, கேபின் செவரு, கதவு பெரும்பாலும் இரும்புத் தகடுதான், டேப் ஒட்டினா பெயிண்ட் போயிரும்.

அன்னைக்கு நீங்க கால் மணி நேரம் முன்னாடி போயி உக்காருங்க. வர வர ஒவ்வொரு பொதிக்கும் ஒரு நம்பர் ஒட்டி மேசையில வைங்க, அதே நம்பர வேற ஒரு துண்டுச் சீட்டுல எழுதி பையில போடுங்க. அஞ்சு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களுக்கு தனி மேச, தனி பை, அதுல கூர்மையான கொக்கியோ வாயில போடுற சின்ன மணியோ இருக்கக் கூடாது. வயசானவங்கள்லருந்து ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா நம்பர் சீட்டு எடுக்கட்டும், சொந்தப் பொதியே வந்தா பக்கத்துல உள்ளவங்களோட மாத்திக்கட்டும், பிரிக்கட்டும், உள்ள இருக்கிற சீட்ட சத்தமா வாசிக்கட்டும், குடுத்தவங்க கைய தூக்கட்டும்.

அடுத்தவங்க கையில இருக்கிறத பிடுங்கி எடுத்துக்கிற மாதிரி ஒரு விளையாட்டு இருக்கு, வெளிநாட்டுல அத ரொம்ப ரசிச்சு ஆடுவாங்க. முன்பின் தெரியாத குடும்பங்களுக்குள்ள அது வேணாம்னுதான் நான் சொல்லுவேன், பிடிச்சத பறிகொடுத்த பிள்ள அழும், பெரியவங்களும் வெளிய சிரிச்சுட்டு உள்ள வருத்தப்படுவாங்க. வெளையாட்டு வேணும்னா வட்டமா உக்காந்து ஒரு கேரல் பாடிக்கிட்டே பொதிய கை மாத்துங்க, பாட்டு நிக்கும்போது யாரு கையில எது இருக்கோ அது அவங்களுக்கு. ரெண்டாவது தடவ நாங்க அப்படித்தான் பண்ணினோம், முதல் சரணம் மலையாளத்துல ரெண்டாவது தமிழ்ல, பாதியில காபி போடுற தம்பியும் வந்து சேந்துட்டான், அவன் வெறுங்கையா நிக்கக் கூடாதுன்னு கூடுதலா வச்சிருந்ததுல ஒண்ண குடுத்தோம்.

கிறிஸ்தவங்க மட்டும்தான்னு வச்சுக்காதீங்க. கப்பல்ல எல்லாரும் இருப்பாங்க, நட்சத்திரம், யான, வள்ளம், மயில் எது வேணும்னாலும் கொண்டு வரலாம்னு முன்னாடியே சொல்லிட்டா யாரும் ஒதுங்கி நிக்க மாட்டாங்க. எங்க கூட்டத்துல தக்கலையிலருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம் மரத்துல செதுக்கின சின்ன வள்ளம் கொண்டு வந்தாங்க, அன்னைக்கு எல்லாருக்கும் கண்ணு அதுலதான் இருந்துச்சு.

முடிஞ்சதும் மேசையில கெடக்கிற பேப்பர், நூலு எல்லாம் பொறுக்கி அங்க உள்ளவங்க கையில குடுத்துட்டு வாங்க, அடுத்த வருஷம் கேக்கப் போற எடம். கெடச்ச பொருள சாக்ஸுக்குள்ள திணிச்சு, அத ஒரு டிஃபன் டப்பாவுல போட்டு கைப்பையிலயே வைங்க. சீட்ட தூர போடாதீங்க, பொருளோட சேத்து நூலால கட்டி வைங்க, மூணு ராசாக்கள் திருநாள் முடிஞ்சு குடில பிரிக்கும்போது ரெண்டும் ஒரே டப்பாவுக்குள்ள போகணும். கொச்சி நெருங்கி டவர் வந்ததும் குரூப்புல ஒரு போட்டோ போட்டு, வர முடியாம போனவங்க யாராவது இருந்தா அவங்க பேர கேட்டு கூடுதலா மிச்சம் இருக்கிறத எறங்குற எடத்துல வச்சு குடுத்திருங்க.